வெண்ணெய் வாசம்

போடில் க்ரோகேகருக்குக்
கண்ணாடி ஊசி இழுத்துக் கொடுப்பது என் வேலை.
சுடரில் காட்டி, சரியான நொடியில் இழுத்தால்
முடியைவிட மெல்லிய முனை வரும்.
நொடி தப்பினால் குப்பைத்தொட்டி.
வாரத்துக்கு நாற்பது ஒடிப்பார். என்னைத் திட்டமாட்டார்.

ராண்டர்ஸ் நகரத்து பீர் ஆலை, இரண்டாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே வெந்த பார்லியின் ஆவி.
நுண்ணோக்கியில் கண்.
நாலு வித்துகளைப் பிரித்துப் பிரித்து
வரிசையில் வைத்துக்கொண்டே இருக்கும் கை.

எங்கள் ஈஸ்ட் கலப்புமணத்துப் பிள்ளை.
குளிரில் வேலை செய்யும்,
முணுமுணுக்காது,
கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும்
பிடிகொடுக்காது.
நாலு வித்தில் நாலும் செத்திருக்கும்.
எழுபத்து நாலில் பதினோராயிரம் வைத்தோம்.
முளைத்தவை மூன்று.
மூன்றையும்
இரண்டு முறை எண்ணினார்.

ஒழிக்க வேண்டியது ஒரு வாசனை.
புது பீரில் வெண்ணெய் வாசம் ஏறும்.
அது அடங்கும்வரை மூன்று வாரம்
நிலவறையில் கிடத்தி வைக்க வேண்டும்.
அந்த மூன்று வாரத்தை ஒழிக்க
அவருக்குப் பத்தொன்பது வருடம் பிடித்தது.
கணக்கு இடிக்கிறதே என்றேன்.
"என் வாரங்கள் மலிவு" என்றார்.

எண் 1147.
ருசி பார்த்த ஆறு பேரும்
ஒன்றும் எழுதாமல் தாளைத் திருப்பித் தந்தார்கள்.
அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் இல்லை.

இயக்குநர்கள் கூட்டம் இருபது நிமிடம்.
மரபணுவில் கைவைத்தது என்று
புட்டியில் யார் ஒட்டுவது?
அருமையான வேலை, உறைபெட்டியில் இருக்கட்டும்.
மாடியேறி வந்து
அடுத்த ஊசியைக் கேட்டார்.
அன்று நான் நொடி தப்பவிட்டேன்,
மூன்று முறை.

ஓய்வுபெற்ற மறு குளிர்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.
மேசையில் ஒரு ரொட்டி,
செங்கல் கனம், ஒரு பக்கம் சரிவு.
எதில் புளித்தது என்று கேட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.
பால் எடுக்கத் திறந்த குளிர்பெட்டியில்
ஹெர்ரிங் ஊறுகாய்ப் புட்டிக்குப் பின்னால்
ஒரு சோதனைக்குழாய்,
என் கையெழுத்தில் எண்.

"மாவில் சுத்தச் சோம்பேறி,
இரண்டு நாள் எடுக்கிறது"
பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் குறைசொல்லும்
தாயின் பெருமையோடு சொன்னார்.
ஒரு துண்டு வெட்டினார்.
பழக்கதோஷம், முகர்ந்தேன்.
ஒன்றுமில்லை.

வாங்கித் தட்டில் வைத்து,
உப்பு வெண்ணெயை
விரல் கனத்துக்கு
அதன்மேல் அப்பினார்.