அரை டிக்கட்

ஹட்டனில் ஏற்றிய மொனிட்டருக்குக்
கண்டக்டர் அரை டிக்கட் கிழித்தான்.
மடியில்தானே வைத்திருக்கிறேன் என்றேன்.
"பிள்ளையையும் மடியிலதான் வைக்கிறாங்க" என்றான்.
லிந்துலை தாண்டும்வரை
பக்கத்து சீட்டுப் பெண்
அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து
முன்மயிரைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

மடிக்கணினிக்கு வாய் ஒன்றுதான்.
ஒரு திரை குடித்தால் மற்றது பட்டினி.
பாஹிம் கடையில் வாங்கிய டொக்
இரண்டு வாய் காட்டியது, ஆனால்
இரண்டிலும் ஒரே படம்,
இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே துணியில் தைத்தாற்போல.
"நகல் வேணாம் தங்கச்சி, நீட்டிப்புப் போடுங்க"
என்றார் போனில். போட்டேன்.
ஒன்று நீண்டது.
மற்றது நீலமாகி
சிக்னல் இல்லை சிக்னல் இல்லை என்று
நாலு மூலையிலும் முட்டி அலைந்தது.

மெல்பனில் காலை எட்டு என்றால்
எனக்கு விடிய மூன்றரை.
லொறிகள் போன வழி, டீசல் பில்,
சாரதிகளின் மணிக்கணக்கு,
மூன்றையும் ஒரே சின்னத் திரையில் மாற்றி மாற்றிப் புரட்டி
போன மாதம் மட்டும் பதினோரு பிழை.
க்ரெய்க் என்றொரு சாரதி. பார்த்ததில்லை.
அவனுடைய ஒரு நாள் சம்பளம்
என் கையால் பாதியாகிப் போனது.
எங்கள் தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர்.
அவன் முறைப்பாடு எழுதினான், கடைசியில்
சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

அதனால்தான் மூன்றாவது திரை.

மூடிய பெக்டரியின் சாமான்களோடு ஏலத்தில் போனது அது.
கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருந்ததாம்.
தராசும் அதுவும் ஒரே லொட்.
எடுத்தவர் தராசை வைத்துக்கொண்டு
இதை நாலாயிரத்துக்குத் தந்தார்.
நீலத் தலை வயர், பதினைந்து ஊசி.
அதற்கொரு மாற்றி, மாற்றிக்கொரு ட்ரைவர்.
சுவரில் உருண்டைத் துளை, ப்ளக்கில் சதுரக் கால்,
அதற்கும் ஒரு மாற்றி.

மேசையில் இரண்டு, ஒன்று, மூன்று என நிற்கின்றன.
கணினியின் நினைப்பில் ஒன்று, இரண்டு, மூன்று.
வலப்பக்கம் தள்ளிய அம்பு
இடப்பக்கத்தால் வீட்டுக்குள் வந்தது.
பெட்டிகளை இழுத்து மாற்றினேன்.
பிறகு உயரம்.
மா டின் மேல் ஒன்று,
தம்பியின் கணிதப் புத்தகங்கள் மேல் ஒன்று.
மேட்டு லயத்திலிருந்து பள்ளத்து லயத்துக்கு
படி இல்லாத இடத்தில் இறங்கப் பார்த்து
அம்பு விளிம்பில் நின்றுவிட்டது.
இரண்டு புத்தகம் உருவினேன். இறங்கியது.

வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தேன் மூன்றாவதில்.
அதற்கடியில் இன்னொரு பக்கம்.
எத்தனை வருடம் அதே அட்டவணையைக்
காட்டிக்கொண்டு நின்றதோ,
இலக்கம், பேர், கிலோ, கழிவு,
கோடுகள் கண்ணாடியில் ஊறியிருந்தன.
பேர்கள் தங்கவில்லை. அவை நாளுக்கு நாள் மாறுபவை.
கிலோவும் தங்கவில்லை, வெறும் புகைச்சல்.
கழிவின் கீழே மட்டும்
வரிக்கு வரி
ஒரு இரண்டு.
ஒரு இரண்டு.
ஒரு இரண்டு.

பெரட்டுக்குப் போகுமுன் அம்மா எட்டிப் பார்த்தாள்.
"வெயில் காலத்திலயும் ரெண்டுதான்" என்றாள்.
தேத்தண்ணியை வயர்களுக்குத் தள்ளி வைத்துவிட்டு
செருப்பைத் தேடிப் போனாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
திரையைப் பகிரச் சொன்னார்கள்.
எந்தத் திரை என்றது கணினி. மூன்று என்றேன்.
முகாமையாளர் சற்று நேரம் பார்த்தார்.
சுத்தமாக, தெளிவாக இருக்கிறது என்றார்.
சரிதான். அவருக்குப் போவது படம் மட்டும்,
கண்ணாடி இங்கே என்னிடம் இருக்கிறது.

இப்போதெல்லாம் க்ரெய்க்கின் மணிகளைத் திறக்கும்போது
அந்தப் பக்கத்தைப் பிடித்து
இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திவிடுகிறேன்,
கழிவுக்கு நேரே விழாமல்.