மூன்று நிமிட விளக்கு

பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சள் என்றால் முப்பது நொடி பாக்கி.
சிவப்புக்குப் பிறகும் பேசுகிறவர்கள்
பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள்.

நகர மன்றத்தில் இந்தப் பொத்தான்களை
பதினோரு வருடமாக அழுத்துகிறேன்.
குறிப்பெழுதுவதும் நான்தான், டெல்ஃபினா ஒரோஸ்கோ.
கலிஃபோர்னியாவின் செப்டம்பர் இரவு,
ஜன்னலைத் திறந்தால் தக்காளி ஆலையின் வாடை.
பொருள் எண் ஏழு:
நெடுஞ்சாலைக்கு வடக்கே தொண்ணூற்றாறு ஏக்கர் வயலை
ஊர் எல்லைக்குள் இழுத்து
அறுநூறு குடியிருப்புகள் கட்டலாமா, கூடாதா.

முதலில் ஹால்வர் லிண்ட்க்விஸ்ட்,
பூச்சியியல், ஓய்வு பெற்றவர்.
கண்ணாடிக் குடுவையில் மண் கொண்டுவந்திருந்தார்.
"இதில் ஓர் அங்குலம் சேர எத்தனை நூற்றாண்டு தெரியுமா?"
ஆந்தைகளைப் பற்றியும் சொன்னார்,
அணில் வளையில் குடியிருந்துகொண்டு
வரப்பில் நின்று ஊரை முறைக்கும் குட்டை ஆந்தைகள்.
குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை.
எழுபத்திரண்டில் அவர் வாங்கிய வீடு
அதற்கு முந்தைய வருடம்வரை பாதாம் தோப்பு.
அதை நான் எழுதவில்லை.
சொல்லாததை எழுத எனக்கு அனுமதி கிடையாது.

வினிஃப்ரெட் ஆல்டஸ்: போக்குவரத்து.
அடுத்தவர்: நிழல். ஐந்து மாடி எழுந்தால்
அவர் கூரையின் சூரியத் தகடுகளுக்கு நாலு மணிக்கே அந்தி.
அதற்கடுத்தவர் தன் நாயைப் பற்றிப் பேசினார்,
எந்தக் கட்சி என்று கடைசிவரை பிடிபடவில்லை.
'எதிர்ப்பு' என்று எழுதி, அடித்து, 'பிற' என்று மாற்றினேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து டை கட்டிய ஒருவர்.
மாணவர் முப்பத்தெட்டாயிரம், விடுதியில் கட்டில் பதினாலாயிரம்.
கழித்துக் காட்டாமலே உட்கார்ந்துவிட்டார்.

பத்தேகாலுக்கு மாய் நூ வாங்.
மண்ணியல், மூன்றாம் ஆண்டு.
தலைமுடி ஈரம்; உடற்பயிற்சிக் கூடத்தில்தான் குளிக்கிறாளாம்.
"பேராசிரியர் குடுவையில் இருப்பது நல்ல மண்.
அதன் மேல் கட்டக் கூடாது என்று
பரீட்சையில் நான்கு பக்கம் எழுதினேன், முழு மதிப்பெண்.
எழுதி முடித்து காரில் போய்ப் படுத்தேன்.
பின் இருக்கையில், கால் மடக்கி. ஐந்தாவது மாதம்."
பிறகு பேச்சில்லை.
பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

மீதி நேரத்தை வேறு யாருக்காவது தரலாமா என்று கேட்டாள்.
விதியில் இல்லை என்றார் மன்றத் தலைவர்.
சரி என்று அங்கேயே நின்றாள்.
ஏ.சி. உறுமல் கேட்டது.
லிண்ட்க்விஸ்ட் குடுவையை மடியில் வைத்து
மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார்.
நான் மஞ்சளை அழுத்தினேன்.
அந்த முப்பது நொடியைப் போல நீண்ட எதையும்
இந்தக் கையால் அழுத்தியதில்லை.

நவம்பரில் வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.
ஊரில் விலாசம் உள்ளவர்கள் வாக்களிப்பார்கள்.
எனக்கு இல்லை. என் வீடு நாற்பது மைல் தள்ளி,
சூரியகாந்தித் தெருவில். தெருப் பெயரில் மட்டும் பூ.
அந்த வயலைச் சமன்படுத்திய நாளில்
குடுவையோடு யாரும் வந்து நிற்கவில்லை.
இங்கே காப்பாற்றிய ஏக்கரையெல்லாம்
அங்கே வந்து கட்டினார்கள்.
அதில் ஓர் அறையில்தான் நான் தூங்குகிறேன்,
ஆகவே புகார் சொல்ல வாயில்லை.

நள்ளிரவில் வண்டியை எடுத்தேன்.
நூலகத்துப் பின்புற நிறுத்தத்தில் ஏழு கார்கள்,
நாலின் கண்ணாடியில் உள்ளிருந்து பனி.
நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில்
எனக்கு முன்னால் தக்காளி லாரி,
குவியலாய் ஏற்றி, மேலே மூடாமல்.
திரும்பும்போது ஒரு கூடையளவு சிந்திற்று.
விளக்கொளியில் உருண்டு வந்தன.
பின்னால் வண்டி எதுவும் இல்லை.
நிறுத்தி, இறங்கி, நசுங்காததாகப் பார்த்து
எட்டோ ஒன்பதோ பொறுக்கினேன்.
இன்னும் சூடாக இருந்தன.