அன்றாடங்காய்ச்சி

எனக்குக் கன்னம் சிவந்த அன்று
அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்குப் போனாள்.
"எந்தச் சாரு என் பிள்ளைய அடிச்சது,
ரெண்டு கன்னத்துலயும்?"
ஒருத்தரும் அடிக்கவில்லை.
குலசேகரத்தில் அந்த ஐப்பசியில்
ஆறாம் வகுப்பில் பாதிப்பேர்
அடிபடாமலே சிவந்து திரிந்தோம்.
மூன்று நாள். பிறகு பந்து விளையாடப் போனேன்.

பெனிலாவுக்கு எட்டு வயது.
பிறந்ததிலிருந்தே கண்ணில் ஒரு மஞ்சள்,
வருஷம் தவறாமல் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும்
போகாத மஞ்சள்.
பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது.
காய்ச்சலோடு கண் வெளுத்தது.
மஞ்சள் குறையுதே என்று
அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள்.
உடைவதற்கு இரத்தம் மிச்சம் இல்லாததால்
மஞ்சள் குறைந்தது என்று
எங்களுக்கு யார் சொல்ல இருந்தார்கள்?

கிணற்றடியில் விழுந்தாள்.
உதடு காகிதம்.
நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது
சட்டைக்கு மேலேயே தெரியும்படி.

ஆசாரிப்பள்ளம்.
மூன்று புள்ளி ஒன்று என்றார்கள்.
பஸ் நம்பர் போல இருந்தது எனக்கு.
டாக்டரம்மா சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
மற்றவர்களுக்குத் தட்டை,
சந்துக்குச் சந்து வளைந்து போகும்.
இவளுக்கு உருண்டை.
மண்ணீரலில் மாட்டும், உடையும்.
நூற்றிருபது நாள் ஓட வேண்டியது
இருபது நாள்கூட ஓடாது.
அதனால் எலும்புக்குள் இராப்பகலாக வேலை.
இந்த வைரஸ் செய்வது ஒன்றுதான்,
பத்து நாள் அந்த வேலையை நிறுத்திவைக்கும்.
உங்கள் மகனுக்கும் நிறுத்தியது,
அவனுக்குத் தெரியவே இல்லை.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.
மழையில் பால்வெட்டு நின்று
சிரட்டையெல்லாம் தண்ணீர் நிறைந்து கிடந்த வாரம் அது.
"அப்பம் எங்க வீடு மாதிரி," என்றார்.
"சம்பளக்காரன் வீட்டுல பத்து நாள் மழை பெய்தா
ஜன்னல் அடைப்பான்.
நமக்கு அன்னன்னைக்கு வெட்டுனாத்தான்
அன்னன்னைக்குச் சோறு."
டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு
அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.
"பித்தப்பையில் கல் எடுத்தது எந்த வயதில்?"

அன்றைக்கு அந்தப் பெஞ்சில்
நாங்கள் இரண்டு ஆண்கள் இருந்தோம்.
உருண்டையைக் கொடுத்தவர் ஒருவர்.
கன்னம் சிவக்கும் முன்னாலேயே ஒட்டிவிடும் என்றார்கள்,
ஒரே ஐஸை மாற்றி மாற்றிச் சப்பிய
அந்தப் புதன்கிழமையை
நான் யாரிடமும் சொல்லவில்லை.
என் இரத்தத்தையும் பார்த்தார்கள்.
தட்டை. ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதை
எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சிதறாலிலிருந்து ஒரு டிப்பர் டிரைவர் வந்து
ஒரு பை கொடுத்தார்,
ரஸ்க்கும் டீயும் குடித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போனார்.
இன்னொரு பை யாருடையதோ.
இரண்டாவது பாதி இறங்கியபோது
பெனிலா மட்டிப்பழம் கேட்டாள்.
அம்மா வார்டு என்றும் பாராமல் ஏங்கி அழுதாள்.

எட்டாம் நாள் லேப் அண்ணன்
கண்ணாடிச் சில்லிலிருந்து தலை தூக்கி
"புதுசு வருது" என்றார்.
வெளியே மழை விடவில்லை.

இந்த வைரஸ் இனி அவளுக்கு வராது,
ஒரு தடவைதான் என்றார்கள்.
டெங்குவுக்கும் மற்றதுக்கும் அப்படிச் சொல்லவில்லை.
இப்போது அவள் தக்கலையில் துணிக்கடையில் நிற்கிறாள்,
ஃபோலிக் மாத்திரை கைப்பையில்,
சோறு உண்டதும் மறக்காமல்.
நான் தும்மினால் மட்டும்
இன்றும் அடுக்களைக்குப் போய்விடுகிறேன்.

அம்மா அந்தச் சாரிடம்
மன்னிப்புக் கேட்கவே இல்லை.
சந்தையில் கண்டால் முகம் திருப்புகிறாள்.
யாராவது ஒருத்தர்
அடித்திருக்க வேண்டும் அவளுக்கு.