இடம்புரி

ஐம்பத்திரண்டாம் ஆண்டுத் தானிய லொறி.
ஸ்விஃப்ட் கரண்ட் ஏலத்தில்
தொள்ளாயிரம் டொலருக்கு எடுத்தோம்,
நானும் டோரீனும் ஆளுக்குப் பாதி.
அவளுக்கு வட்ட முகப்பு பிடித்தது.
எனக்கு உறுமல்.

மூன்றாம் நாள் பயறு ஏற்றி
மேடேறும்போது பின்னால் ஒரு சத்தம்,
சோற்றில் கல் கடித்தது மாதிரி.
அதன்பிறகு எஞ்சின் ஓடியது.
லொறி ஓடவில்லை.

மூடியைத் திறந்தால்
கறுத்த எண்ணெயின் அடியில்
பினியனின் மூன்று பற்கள்.
விரலால் துழாவி எடுத்து
டோரீன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

கிரேவல்பர்க்கில் ஒரு பழைய இரும்புக் கொல்லை.
புல் முளைத்த பள்ளிக்கூட பஸ்,
சீட்டின் கீழே ஒற்றைக் கம்பளிக் கையுறை.
அதன் பின் ஆக்ஸில்
பல்லெண்ணிக்கை அச்சொட்டாக எங்களது:
ஆறுக்கு முப்பத்தொன்பது.
ஸ்பிரிங் இருக்கைகள் மட்டும்
இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி.
அறுத்து, நகர்த்தி, வெல்டிங் வைக்கலாம்.
நானூறு கேட்டான். முந்நூற்றிருபதுக்கு விட்டான்.

பழைய ஆக்ஸிலை இறக்க முதல்
சக்கரம் கழற்ற வேண்டும்.
வலப்பக்கம் பத்து நட்டும்
முனகிக்கொண்டு வந்துவிட்டன.
இடப்பக்கம் அசையவில்லை.
எண்ணெய் விட்டேன். நெருப்புக் காட்டினேன்.
ஸ்பேனரில் ஆறடிக் குழாய் செருகி
அதன் நுனியில் ஏறி நின்றேன்.
என் ஐம்பத்தெட்டுக் கிலோவும்
நட்டுக்கு ஒரு பொருட்டில்லை.
ஒரு மணித்தியாலம்.

டோரீன் துணியால் போல்ட்டின் முகத்தைத் துடைத்தாள்.
துருவுக்குள் எல் என்றொரு எழுத்து.
இடது.
இந்தப் பக்கத்து மரைகள் இடம்புரி.
சங்குக்குத்தான் இந்தச் சொல் என்று
இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன்.
ஒரு மணித்தியாலமாக
நான் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சீமெந்துத் தரையில் போன் அதிர்ந்து
வட்டமாக நகர்ந்தது. தம்பி.
மிசிசாகாவில் மூன்றாவது கடை.
இம்முறை குளிர்வண்டி லீசு.
கையில் கிரீஸ். எடுக்கவில்லை.

பஸ்ஸின் ஆக்ஸிலைத் திறந்து பார்த்தோம்.
நடுவே ஒரு கூடு, கூட்டுக்குள் நான்கு சின்னக் கியர்.
வளைவில் உள்சக்கரம் குறைத்து ஓட
வெளிச்சக்கரம் கூட்டி ஓட
கணக்கைப் பார்ப்பவை அவைதான்.
நல்ல ஏற்பாடு, ரோட்டு நன்றாயிருக்கும்வரை.
ஒரு சக்கரம் ஐஸில் நின்றால்
முழுச் சுற்றும் அதற்கே போகும்.
வழுக்குவதற்கே எல்லாம்.
காய்ந்த மண்ணில் ஊன்றி நிற்பது
பார்த்துக்கொண்டு நிற்கும்.
காணி விற்ற காசும்
அப்படித்தான் உருண்டது.

ஷிம் ஒன்று போட்டோம், எடுத்தோம்,
மெல்லியது போட்டோம்.
பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினால்
எங்கே தொடுகிறதென்று பசை விலகிக் காட்டும்.
நுனியில் தொட்டால் பிழை. அடியில் தொட்டாலும்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில்
ஒரு கடதாசி கனத்துக்கு இடம் வேண்டும்.
இடமே இல்லாவிட்டால் சூடேறி எரியும்.
அதிகம் விட்டால் அடித்துக்கொள்ளும்.
இரவு பதினொன்றரைக்கு
மூன்று கடதாசி கனத்திலிருந்து ஒன்றுக்கு வந்தோம்.
வெளியே முதல் உறைபனி.

அடுத்த ஞாயிறு, லொறியின் கீழே புதுக் கால்.
இரண்டு பக்கமும் ஜாக்கியில்.
கியரில் விட்டு
என் பக்கத்துச் சக்கரத்தை முன்னால் தள்ளினேன்.
"என்னுடையது பின்னால் வருகிறதே"
என்று அந்தப் பக்கம் டோரீனின் குரல்.
வரத்தான் வேண்டும் என்றேன்.
அவள் பிடித்து நிறுத்தினாள்.
இரும்பின் குறுக்கே, அவளுடைய கையை
என் கையில் உணர்ந்தேன்.

ஏழு அழைப்புகள் தவறியிருந்தன.
கை துடைத்தேன், போகவில்லை.
அப்படியே எடுத்தேன்.
"அக்கா" என்றான்.
இல்லை என்றேன்.
துருப்பிடித்த சத்தம்.
அவன் வேறு விதமாகக் கேட்டான்.
இல்லை என்றேன்.
இந்தத் தரம் கொஞ்சம் அசைந்தது.

நாளைக்குப் பயறு ஏற்றலாம் என்றாள் டோரீன்.
ஐம்பது கிலோமீட்டர் ஓடி நிறுத்தி
இருபது நட்டையும் திரும்ப இறுக்க வேண்டும்.
வலப்பக்கம் வலமாக.
இடப்பக்கம்,
மறக்காதே என்று
கதவின் உட்புறம் சோக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.