காலிக் கட்டம்

புந்தா அரேனாசில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
திறந்துகொண்டு வந்துவிடும்.
மருத்துவமனையின் பின்கட்டில், கொதிகலன் அறைக்கு அடுத்து
ஹிமெனா ஓயார்சோ
பெண்களின் வலியை எண்களாகத் தட்டச்சு செய்கிறாள்.

நூற்றுப் பன்னிரண்டு நாட்குறிப்புகள்.
இரவுக்கு ஒரு கட்டம்.
சுழியம் என்றால் வலி இல்லை.
பத்து என்றால்
நினைத்துப் பார்க்கக்கூடியதிலேயே கொடியது என்று
அட்டையில் அச்சிட்டிருக்கிறது.
யார் நினைத்துப் பார்ப்பது என்று அச்சிடவில்லை.

கருப்பைக்குள் இருக்கவேண்டிய திசு
சூலகத்தில், குடல்மேல், கிடைத்த மடிப்பிலெல்லாம்
ஒட்டி வளர்ந்து
மாதாமாதம் தானும் கசிகிற நோய்.
பாதிப் பேருக்கு மாத்திரை.
பாதிப் பேருக்கு அதே வெள்ளை, அதே வட்டம், உள்ளே மாவு.
கொடுக்கிறவளுக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது.

நாற்பத்தேழாம் எண்ணின் தாள்களில் நண்டு வாடை.
நான்கு, மூன்று, மூன்று,
பிறகு ஒன்றுமில்லை.
மூன்று இரவு வெறும் கட்டம்.
மறுபடி மூன்று.
ஆறு மாதத்தில் இப்படிப் பதினேழு.

கணினிக்கு வெறுமை ஆகாது.
முந்தைய இரவின் எண்ணை இழுத்துவந்து
காலியில் உட்காரவைத்துவிடும்.
மூன்று. மூன்று. மூன்று.
சாதுவான பெண்.

விதிப்புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், அடியில்,
'விடுபட்டதன் காரணம் தெரிந்தால் குறிக்கவும்.'
அந்தப் பத்தியில் இதுவரை ஒருவரும்
ஒரு புள்ளிகூட வைத்ததில்லை.

நண்டு ஆலையில் இடைவேளை பத்து நிமிடம்.
ஒடெட் நவெல்கினின் குரலுக்குப் பின்னால்
ஓடுகள் உடைகிற சத்தம்.
மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள் ஹிமெனா.

'மறதியா?
பேனா மேசைமேல் இருந்தது.
நான் குளியலறைத் தரையில் இருந்தேன்.'

மறுநாள் எழுதியிருக்கலாமே.

'அன்றைக்கானதை அன்றே எழுதணும், பழசை நிரப்பக் கூடாதென்று
உங்க தாளில்தானே போட்டிருக்கு.'

ஹிமெனா மற்றவர்களையும் அழைத்தாள்.
ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்.
ஒருத்தி போர்வெனீரில் படகு ஓடாமல் மாட்டிக்கொண்டவள்.
ஒருத்தி சிரித்தாள், அன்று வலியே இல்லை,
ஆடப் போயிருந்தேன், விடிந்துதான் வந்தேன்.
ஐந்து பேர் நிஜமாகவே மறந்தவர்கள்.
மிச்சமிருந்த பதினெட்டுப் பேரும்
தரையில், படுக்கையில், நின்றுபோன பேருந்தின் பின்னிருக்கையில்.

செப்டம்பரில் உறைகளைத் திறந்தார்கள்.
முதல் கணக்கில்
விடையின் கோடு நடுக்கோட்டைத் தொடாமல்
தள்ளி நின்றது, நல்ல பிள்ளையாக.
காரணங்களைச் சேர்த்துப் போட்டதும்
நீண்டு, சோம்பல் முறித்து,
அந்தப் பக்கமும் ஒரு காலை வைத்தது.

மருத்துவர் டானிட்சா மார்த்தினிச்
நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
மாநாட்டுக்கு என்று வாங்கிய காகிதக் குழலை
மூடி, மேசைக்கடியில் தள்ளினார்.
'பயனளிக்கிறது' என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அழித்தார்.
பயனில்லை என்றும் எழுதாதே என்றார்.
தெரியவில்லை என்று எழுது.
இன்னும் தெரியவில்லை.
'இன்னும்' வேண்டுமா என்று ஹிமெனா கேட்கவில்லை.
எழுதினாள்.

ஒடெட்டுக்கு அவளே சொன்னாள்.
'அப்போ எனக்குக் கொடுத்தது மாவா?'
இல்லை. மாத்திரைதான்.
மறுமுனையில் ஓடுகள் உடைந்துகொண்டே இருந்தன.

மூன்று என்று எழுதிய இரவுகளுக்கு முன்பு
அவள் என்ன எழுதியிருப்பாள் என்று யாரும் கேட்டதில்லை.
பன்னிரண்டு வருடம் அவளிடம் அட்டையே இல்லை.

'அடுத்த ஆய்வு எப்போ?' என்றாள் ஒடெட்.
'நவம்பரோடு நண்டுப் பருவம் முடியுது, அதுக்கப்புறம் வர்றேன்.
எழுத முடியலைன்னு ஒரு கட்டம் சேருங்க,
ஒரு கோடு கிழிச்சாப் போதும்கிற மாதிரி.
அப்புறம் அந்தப் பேனாவை
கயிற்றில் கட்டிக் கொடுங்க.
நீளமான கயிறு.
தரை வரைக்கும் வரணும்.'