பத்திலொன்று

குளியலறைத் தராசை முற்றத்துக்குத் தூக்கி வந்தான் தயாபரன்.
ஐந்து மாதமாய் என் கண்ணில் படாமல்
தன் வயிற்றை நிறுத்துவந்த தராசு.
அதன்மேல் பலகைத் துண்டு,
பலகைமேல் ட்ரெயிலரின் மூக்கு.
"பதினேழு" என்றான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
திரும்பவும் "பதினேழு".

கிண்ணியாவில் நௌபீல் ஒட்டித் தந்த வண்டி.
தகர முதுகு, பலகை வயிறு,
ஒருவர் புரண்டால் மற்றவரும் புரளவேண்டிய கட்டில்.
நெல் ஆலைத் தராசில் முந்நூற்றிருபது கிலோ.
"பத்திலொரு பங்கு காருட முதுகுல அழுந்தணும்,
இல்லாட்டி வால் ஆடும்"
என்று சொல்லித்தான் தந்தான்.
இருபது லீற்றர் தண்ணீர்க் கான் இரண்டும்
ஐஸ் பெட்டியும் பின்கதவோரம் இருந்தன.
இறக்கினால் எல்லாவற்றையும் மறுபடி கட்டவேண்டும்.
வெயில் ஏற முதல் வெளிக்கிடுவம் என்று சொன்னது
நான்.

சங்கிலி இரண்டையும் கொழுவிக்குக் கீழே
பெருக்கல் குறியாய் மாட்டினான்,
நழுவினாலும் மூக்கு றோட்டில் குத்தாமல் ஏந்திக்கொள்ள.
பிரேக்கை மிதித்தேன். பின்னால் நின்று "எரியுது" என்றான்.
இடம் போட்டேன், வலம் மினுங்கியது.
வயரை மாற்றி, பல்லால் கடித்த டேப்பைச் சுற்றி
"இப்ப போடு."
இடம் இடமாயிற்று.

பஸ் நிலையத்தடியில் மூன்று மான்கள், நடுத்தெருவில்.
வழக்கமாய் மிதிக்கும் இடத்துக்கு நெடுக முன்னமே மிதித்தேன்.
கார் நின்றது.
நின்றபிறகு பின்னாலிருந்தது வந்து ஒருமுறை இடித்தது,
வரிசையில் நிற்கும் அந்நியர் போல.
மான்கள் ஒதுங்கவில்லை.
ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து
"உள்ளுக்கு ஆர்?" என்று கேட்டார்.

சீனக்குடா தாண்ட முள் ஐம்பதில்.
கிண்ணியாப் பாலத்தில்
வலக்கைப் பக்கக் களப்பிலிருந்து கச்சான் அடித்தது.
முதலில் கண்ணாடிகளில் மட்டும்:
வெள்ளைத் தகரம் இடக் கண்ணாடியில் தெரிந்தது,
மறைந்து வலக் கண்ணாடியில் தெரிந்தது.
பிறகு ஸ்டியரிங்கில்.
பிறகு என் இடுப்பில்.
எதிரே மீன் லொறி.
"பிரேக் பிடி, சுகிர்தா, பிரேக்!"
என் காலும் அதைத்தான் கேட்டது.
அக்சிலேற்றரிலிருந்து எடுத்தேன்,
எதிலும் வைக்காமல் அந்தரத்தில் பிடித்தேன்.
ஸ்டியரிங் நேராக,
ஆட்டத்துக்கு ஒரு பதிலும் சொல்லாமல்.
ஐம்பது. நாற்பத்தைந்து.
லொறி கடந்தது, அதன் காற்றும் தன் பங்குக்குத் தள்ளிப் பார்த்தது.
முப்பத்தெட்டு.
வால் இன்னும் இரண்டு தரம் கேட்டுவிட்டு
பேசாமல் பின்னால் வந்தது.
பாலம் முடியும்வரை
அந்தக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்கரையில் ஓரங்கட்டினோம்.
தராசையும் ஏற்றி வந்திருந்தான், விசரன், நல்ல காலம்.
கான்களை அச்சுக்கு முன்னால் இழுத்து
கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினோம்.
றோட்டோரம் இறால் விற்றவர்
தன் தராசை விட்டு எங்கள் தராசைப் பார்க்க வந்தார்.
"முப்பத்திநாலு."
அவர்தான் வாசித்தார்.

மூதூருக்கு அப்பால், வெளிச்சவீட்டடியில் பொழுது பட்டது.
பின்னுக்கு எடுக்க வலம் வெட்டினால் அது இடம் போனது.
தெரியும், தலைகீழாய்த்தான் வெட்டவேண்டும்;
கைக்குத் தெரியவில்லை.
ஏழாம் முறை கழற்றிப் போட்டுக் கையால் தள்ளினோம்,
சில்லுகளுக்குக் கல் அணைத்தோம்.
மூக்குக்கு முட்டுக்கால் கொண்டுவர மறந்திருந்தோம்.
பலகையும் தராசும்தான் இருந்தன.

இரவு நாங்கள் புரளப் புரள
கீழே முள் ஓடியிருக்கும்.

காலையில் மூக்கைத் தூக்கியும்
அது பூச்சியத்துக்குத் திரும்பவில்லை.
நாலில் நின்றது.
"பரவாயில்லை, இனி நாலைக் கழிச்சுப் பாப்பம்" என்றான்,
ஏறி நின்று கழித்துப் பார்த்தான்,
முதன்முறையாக என் முன்னால்.