பதினொன்றாம் மாதம்

மாத்திரைக்கும் பாலுக்கும் நடுவே
இரண்டு மணி நேரம் இருக்க வேண்டுமாம்.
சீஸ் செய்கிறவளிடம் சொல்கிற சேதியா இது?
தண்ணீரில் விழுங்கி, சாயாமல் கொஞ்ச நேரம் நின்று,
ஏப்ரன் கட்டி,
வாயை இறுக மூடிக்கொண்டு
வெள்ளாட்டுப் பாலை வடிகட்டுகிறேன்.

இதயத்தின் வால்வில் ஏதோ கூடு கட்டியிருக்கிறது.
குட்டிகள் பிறந்த ஒரு பனிக்காலத்தில்
வைக்கோல் தூசியோடு மூச்சில் ஏறியது.
பதினெட்டு மாதம் என்றார் டாக்டர் ஃபான் எர்ப்.
எடை போட்ட பிறகு கொசுறு அள்ளிப் போடுவதுபோல்
"குறைந்தது" என்று சேர்த்தார்.

ஏழாம் மாதம் வெயில் பட்ட கை வெந்தது.
தொப்பியும் நீளக் கைச் சட்டையும் வாங்கினேன்.
ஒன்பதாம் மாதம் காபியில் அட்டைப்பெட்டி ருசி.
பதினொன்றாம் மாதம்
பல் தேய்க்கையில் கண்ணாடிக்கு நாக்கை நீட்டினேன்.

வெள்ளை.

இந்த வெள்ளையை எனக்குத் தெரியும்.
நிலவறைப் பலகையில், ஏழாம் எட்டாம் நாளில்,
சீஸின் மேல் இப்படித்தான் அரும்பும்.
முதலில் மூச்சு படிந்த கண்ணாடி,
அப்புறம் பூனைக்குட்டியின் வயிற்று மயிர்.
இருபத்தாறு வருடமாய் இதன் தாயாதியை
வா வா என்று அழைத்து
உப்பும் ஈரமும் அளந்து ஊட்டியவள் நான்.
அழைக்காத இடத்துக்கு வந்திருக்கிறது.
துணியால் வழித்தேன். கொஞ்சம் பெயர்ந்தது.
அடியில் சிவப்பு, புளித்த எரிச்சல்.

கீழேயும் நாலு நாளாய் அரிப்பு.
சனிக்கிழமைச் சந்தையில் தராசுக்குப் பின்னால்
காலை மாற்றி மாற்றி வைத்தேன்.
"செருப்பு கடிக்குதா?" என்றான் தோன்.
ஆமாம் என்றேன்.
இரவில் அவன் கை வந்தபோதும்
செருப்பு என்றேன்.
அவன் சிரித்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

வால்வு என்றால் ஊரே நலம் கேட்கிறது,
தேவாலய வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு.
அரிப்பு என்று சொல்ல
நாக்கு புரளவில்லை.

ஒரே மாத்திரை, ஒரே இரவு, தீர்ந்துவிடும்
என்றாள் நாத்தனார் கோரி. அவளுக்குத் தீர்ந்ததாம்.
டாக்டர் வீட்டு நர்ஸ் பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தாள்,
அரிப்பெல்லாம் பூஞ்சையாகிவிடாது என்று.
பூஞ்சைதான்.
மருந்துக்கடை ஹிஸ்கே என் பட்டியலைத் திரையில் ஓட்டினாள்.
"அந்த ஒரே மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.
அது இதயத் துடிப்பின் தாளத்தை இழுக்கும்.
நீங்கள் விழுங்குகிற இன்னொரு மாத்திரையும் அதையே இழுக்கிறது.
ரெண்டு பேர் ஒரே பக்கம் இழுத்தால்..."
முடிக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள்.

கிடைத்தவை:
மஞ்சள் திரவம், சாப்பாட்டுக்குப் பின் நாலு வேளை,
வாயில் சுழற்றி, முடிந்தவரை வைத்திருந்து, விழுங்க.
களிம்பு, ஆறு இரவு, தூங்கப் போகும்போது.
பருத்தி. வாசனைச் சோப்பு கூடாது.
"பழையதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்" என்றாள்.
தலையாட்டிவிட்டு வாசல் வரை போனேன்.
திரும்பி வந்து
ஏப்ரன் பையிலிருந்து மூன்று மாத்திரைகளை
கவுண்டர்மேல் வைத்தேன்.
வியாழன், வெள்ளி, சனி.
அவள் திட்டவில்லை.
எண்ணிப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள்.

களை பிடுங்கப் போன கை
காவலுக்கு நின்ற செடிகளையும் பிடுங்கியிருக்கிறது.
இது வெளியூர் ஆளில்லை.
எப்போதும் ஓர் ஓரமாய் உட்கார்ந்திருந்ததுதான்.
இடம் கிடைத்தது, காலை நீட்டிவிட்டது.
கோபப்பட முயன்றேன்.
நிலவறையில் சீஸைப் புரட்டுகிற கைக்கு
அவ்வளவாகக் கோபம் வரவில்லை.

ஐந்தாம் நாள் ரொட்டியில் ரொட்டி ருசித்தது.

அன்று மாலைக் கறவையில் தோனிடம் சொல்லிவிட்டேன்.
மெஷின் இரைச்சலில் கேட்கவில்லை,
இன்னும் உரக்கச் சொன்னேன், இன்னும்.
சரியாக அந்த நொடியில் மெஷினை அணைத்தான்.
கொட்டகை முழுக்க என் குரல்: அரிப்பு!
நாற்பது ஆடுகளும் நிமிர்ந்து பார்த்தன.
தோன் வாளியைக் கீழே வைத்தான்.
"அப்போ," என்றான் யோசித்து,
"புதுச் செருப்பு வாங்கியிருக்க வேண்டாம்."